நோயும் கூலியும்

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று தமிழாசிரியர் பணித்தபொழுது, கடற்கரைக் காட்சியொன்றை வருணித்து எழுதலாமென்றே யான் முதலிற் கருதினேன். கடலோரத்திற் பிறந்து வளர்ந்தவன் அதனை எழுதாமல் வேறெதனை எழுதுவது? ஆயினும் எழுதுகோலைக் கையிலெடுத்தவுடன் என் நினைவில் வந்து நின்றது கடலன்று. எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்த பழைய பிஸ்கோத்துத் தகரப்பெட்டியே. ஆதலின் அதனைப் பற்றியே எழுதலுற்றேன்.

எங்கள் ஊர் வடசென்னையிலுள்ள டோல்கேட். தண்டையார்ப்பேட்டையைக் கடந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் அதனை அறிவர். முற்காலத்துச் சுங்கச்சாவடி இன்று பெயரளவில்தான் எஞ்சி நிற்கின்றது. சாவடியும் இல்லை, சுங்கமும் இல்லை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மெட்ரோ ரயில் எங்கள் தலைக்குமேல் ஓடுகின்றது. கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகம் புகுவதற்குக் காத்துக் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். வடக்கே ஆலைகள். எங்கள் தெருவில் எவரைக் கேட்டாலும் இவ்விரண்டனுள் ஒன்றே அவர்க்குச் சோறிடுவதாகச் சொல்லுவர்.

என் தந்தையார் ஆலையொன்றிற் சரக்கு ஏற்றியிறக்கும் வேலை செய்பவர். ஆலையின் நிரந்தரத் தொழிலாளர் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆள். 2022ஆம் ஆண்டில் அவருக்கு மாதக்கூலி 15,000 ரூபாய். அதிலிருந்து ஈ.எஸ்.ஐ. என்ற பெயரால் 113 ரூபாய் பிடித்துக்கொள்ளப்படும். நூற்றுக்கு முக்கால் தொழிலாளி தருவது. மூன்றேகால் முதலாளி தருவது. 2019 ஜூலை முதல் வழங்கிய விகிதம் இது. தந்தையார் இந்த 113 ரூபாயை ‘டோல்’ என்பார். “சாவடியை இடிச்சுட்டாங்க, ஆனா டோல் மட்டும் மாசாமாசம் வாங்குறாங்க” என்று அவர் சொல்லும்போது வீட்டிலுள்ளோர் அனைவரும் நகைப்போம். அப்பணம் எதற்காகச் செல்கின்றது என்று எங்களுள் ஒருவரேனும் கேட்டதில்லை. இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவனாகிய யானும் கேட்டிலேன். பொருளாதாரப் பாடத்திற் சமூகக் காப்புறுதியைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடையெழுதித் தேறியவன் யான் என்பதை நினைக்குந்தோறும் இன்றும் நாணம் வருகின்றது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவருக்கு இருமல் கண்டது. ஆலைத் தூசு என்றார். ஜூலையில் மாலைதோறும் காய்ச்சல் வரலாயிற்று, உடல் மெலிந்தது. ஜூலை 18, திங்கட்கிழமை, படுக்கையினின்று எழ இயலவில்லை. நெடுஞ்சாலை மேலிருந்த தனி வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்து புட்டிகள் மாறின, காய்ச்சல் மாறவில்லை.

இரண்டாம் வாரத்தில் மேஸ்திரி வீடு தேடி வந்தார். அவர் தீயவர் அல்லர். கையில் வாழைப்பழச் சீப்பொன்றும் கொண்டு வந்திருந்தார். “அண்ணே, உடம்பை முதல்ல பாருங்க. மூணு மாசம் சம்பளமில்லாம லீவு போட்டுக்குங்க. இல்லாட்டி விலகுறேன்னு எழுதிக் குடுத்துட்டு பி.எஃப். பணத்தை எடுத்துக்குங்க. தேறினதும் வாங்க, பார்த்துக்கலாம்” என்றார். எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதத்தையும் உடன் கொண்டு வந்திருந்தார். மூன்றாவது வழியொன்று உண்டென்று அவர் சொல்லவில்லை. மறைத்தார் என்று யான் எண்ணவில்லை, அவரும் அறியார். வேலையை விடாமலே நோய் காரணமாக வைப்பு நிதியில் தம் பங்கிலிருந்து முன்பணம் எடுக்க அன்றைய விதி இடந்தந்தது என்பதையும் அவர் அறிந்தவரல்லர்.

‘சம்பளமில்லா விடுமுறை’ என்ற சொல் கேட்பதற்கு ஓர் உபகாரம் போன்றே தோன்றும். வேலை போகவில்லை, இடம் காத்திருக்கின்றது, உடம்பு தேறினால் திரும்பலாம். தந்தையாரும் அதனை நன்றியுடன் ஏற்றுக்கொண்டார். அது வீட்டினுள் புகுந்து செய்த வேலையைப் பின்னரே கண்டோம். முதல் வாரத்தில் அம்மையாரின் தோடு அடகுக்கடைக்குச் சென்றது. மூன்றாம் வாரத்தில் தண்டற்காரர் வந்தார். 10,000 ரூபாய் என்று எழுதி, 8,500 கையிற் கொடுத்து, நாள்தோறும் 100 ரூபாயாக நூறு நாள் வாங்கிக்கொள்வது அவர் முறை. கூலி நின்ற வீட்டில் நாளொன்றுக்கு 100 ரூபாய் எங்கிருந்து வரும்? அம்மையார் இரண்டு வீடுகளிற் பாத்திரம் துலக்கச் சேர்ந்தார். ஒருநாள் இரவு தந்தையார் என்னை அருகில் அழைத்து, சுவரைப் பார்த்தபடி, “மஞ்சம்பாக்கத்துல ஒரு குடோன்ல ஆள் கேக்கறாங்களாம். ஒரு வருஷம் போயிட்டு வாயேன். காலேஜ் எங்கேயும் ஓடிடாது” என்றார். சரியென்றேன். அவர் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. கல்லூரி ஓடாது என்பது மெய்யே. ஆனால் அங்ஙனம் ஓராண்டிற்கென்று சென்ற எங்கள் தெருப் பிள்ளைகளுள் திரும்பி வந்தவர் ஒருவரையும் யான் கண்டதில்லை.

விடுதியிலிருந்து என் பெட்டியை எடுத்துவரப் புறப்பட்ட அன்று, அடுத்த வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து கூப்பிட்டார். அவர் பெரம்பூர்ப் பக்கத்து ஆலையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். “அப்பா கடுதாசி வாங்கிட்டாரா?” என்றார். என்ன கடுதாசி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பி.ஏ. படிக்கிற, இது தெரியாதா? டிஸ்பென்சரி கடுதாசிப்பா. ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் குடுக்கிற சீட்டு. அது இல்லாம வீட்ல படுத்தா அது லீவு. அது இருந்தா அது நோவு. ரெண்டும் வேற” என்றார். அவரும் தம் இளமையிற் சயரோகத்தால் வருந்தி, அக்கடுதாசியைக் கொண்டே குடும்பத்தைக் காத்தவர் என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். அவர் பேச்சில் ஒரு சட்டப் புத்தகம் அடங்கியிருந்தது.

விடுதிக்குச் செல்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள், ஆகஸ்டு 10, புதன்கிழமை, தந்தையாரை ஆட்டோவில் ஏற்றி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திற்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த வைத்தியர் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வேலைக்குத் தகுதியற்றவர் என்று சான்றுச் சீட்டும் எழுதினார். இரண்டு நாளில் முடிவு வந்தது. சயரோகம். “யாராச்சும் கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லு” என்றார் தந்தையார். ஊரார் அஞ்சுவர் என்று அவர் அஞ்சினார்.

அச்சீட்டைக் கொண்டு கிளை அலுவலகத்திற்குச் சென்றபோதுதான் விதிகள் ஒவ்வொன்றாக விளங்கின. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம்; அக்டோபர் முதல் மார்ச்சு வரை மற்றொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளேனும் கூலி பெற்றுச் சந்தா செலுத்தியவர்க்கு, அதற்குரிய பயன்காலத்தில் நோயுதவித் தொகை உண்டு. அது சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு எழுபது. ஆண்டில் 91 நாள் வரை. முதலிரண்டு நாளுக்குத் தொகையில்லை. தந்தையாரின் நாட்கூலி சராசரி 500 ரூபாய்; ஆதலின் நாளொன்றுக்கு 350 ரூபாய். சட்டத்தின் 73ஆம் பிரிவு, நோயுதவி பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையினின்று நீக்குதல் கூடாது என்றும் காத்து நின்றது. மேஸ்திரி கொணர்ந்த காகிதத்தில் ஒப்பமிட்டிருந்தால் அக்காவலைத் தம் கையாலேயே தந்தையார் தள்ளியிருப்பார்.

சம்பளமில்லா விடுமுறையின் தீங்கு இருவகைப்பட்டது என்பதும் அன்று தெரிந்தது. விடுமுறை நாளிற் கூலியில்லை; கூலியில்லாத நாளிற் சந்தாவும் இல்லை; சந்தா நாட்கள் 78க்குக் குறையின் வருங்காலத்து நோய்க்கும் உதவியில்லை. இன்றைய பசிக்கு அஞ்சுகின்றவன் நாளைய காவலையும் உடன் இழக்கின்றான். அதனை அறிவிப்பார் இல்லை.

“ஜூலை 18 முதல் படுத்திருக்கிறாரே, அந்த நாட்கள்?” என்று கேட்டேன். எழுத்தர் அம்மையார், “சீட்டு எந்தத் தேதியில இருக்கோ அந்தத் தேதியிலிருந்துதான் தம்பி” என்றார். எண்ணிப் பார்த்தேன்: 23 நாள். நாளுக்கு 350 வீதம் 8,050 ரூபாய். தண்டற்காரரிடம் பெற்றது 8,500. இவ்விரண்டு தொகைகளும் அருகருகே வந்து நின்றபோது எனக்கு வாய் பேசவில்லை.

அவ்வம்மையார் இன்னொன்றும் சொன்னார். சயரோகம் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு, 91 நாள் முடிந்தபின்னும் நீட்டித்த நோயுதவி உண்டு. அது நூற்றுக்கு எண்பது. இரண்டாண்டு வரையும் செல்லும். ஆனால் அதற்குத் தொடர்ந்து இரண்டாண்டு வேலையிலிருந்திருக்க வேண்டும். அதனுள் 156 நாளுக்குச் சந்தா செலுத்தியிருக்கவும் வேண்டும். “உங்க அப்பா வேலையில சேர்ந்தே ஒரு வருஷம் நாலு மாசம்தானே ஆகுது?” என்றார். ஆறாண்டு என்றேன். அவர் கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார். 2021 ஏப்ரலில் ஒப்பந்தக்காரர் மாறினார். வாயிலும் அதுவே, வேலையும் அதுவே, தந்தையாரின் தோளும் அதுவே. ஆனால் புதிய ஒப்பந்தக்காரர் பழைய காப்புறுதி எண்ணைக் கேளாமல், புதியதோர் எண்ணைப் பதிந்துவிட்டார். ஐந்தாண்டு உழைப்பு ஓர் எண்ணிலும், ஓராண்டுச் சில்லறை மற்றோர் எண்ணிலுமாகத் தந்தையார் இரண்டு மனிதராய்ப் பிரிந்து கிடந்தார். காப்புறுதி எண் ஒருவர்க்கு ஆயுள் முழுவதற்கும் ஒன்றேயாதல் வேண்டும்.

இங்கேதான் தகரப்பெட்டி வருகின்றது. என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். காகிதம் எதனையும் எறியமாட்டார். மின்கட்டணச் சீட்டு, பள்ளி மதிப்பெண் அட்டை, காலாவதியான ரேஷன் கார்டு எல்லாம் அப்பெட்டியுள் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அதனைச் சுத்தம் செய்யவேண்டுமென்று யானும் தங்கையும் வாதிடுவோம். அவர் இசையார். அன்றிரவு பெட்டியைத் தரையிற் கவிழ்த்தபோது, 2016ஆம் ஆண்டு முதல் தந்தையார் பெற்ற கூலிச்சீட்டுகளுட் பெரும்பாலானவை, ரப்பர் வளையமிட்ட கட்டுகளாய்க் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் பழைய எண். அவற்றின் படிகளோடு, இரண்டு எண்ணையும் ஒன்றாக்கும்படி மனு எழுதினேன். யான் கற்ற கல்வி என் குடும்பத்திற்கு முதன்முதலாகப் பயன்பட்டது அம்மனுவில்தான் என்று சொன்னால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. புதிய ஒப்பந்தக்காரரிடம் கையொப்பம் பெற நான்கு முறை நடந்தேன். மூன்று முறை அவர் இல்லையென்றார்கள், அவர் வண்டி வாயிலில் நின்றது. ஒப்பந்தக்காரர் சந்தா செலுத்தத் தவறினும், ஆலையை நடத்தும் முதன்மை முதலாளியே பொறுப்பாவார் என்னும் விதியை நான்காம் முறை பணிவுடன் எடுத்துச் சொன்னேன். அதன்பின் கையொப்பம் விரைந்து கிடைத்தது.

நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நகரத்திற்குப் பெருமை தருவதொன்று அதிலுண்டு. முற்காலத்திற் சயரோகம் கண்டவரைச் சானடோரியத்தில் ஓராண்டு வைத்திருப்பது வழக்கம். ஏழைத் தொழிலாளிக்கு அது எங்ஙனம் இயலும்? 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட சயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தில், ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இருகூறாக்கி, ஒருசாராரைச் சானடோரியத்திலும் ஒருசாராரை அவர்தம் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தோர் குறைந்த உணவே உண்டனர், ஓய்வும் குறைவே. ஆயினும் அவர்களும் சானடோரியத்தாரைப் போன்றே குணமடைந்தனர். உடனிருந்த உறவினர்க்கு நோய்த்தொற்றும் அதனால் மிகவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சயரோக வைத்தியத்தின் போக்கை மாற்றியது. தந்தையார் ஆறு மாத மாத்திரையோடு எங்கள் வீட்டிலேயே கிடந்து தேறினாரென்றால், சென்னையின் அந்த 193 பேருக்கும் அதிற் பங்குண்டு. மருந்து இலவசம், சத்துணவுக்கென்று அரசினர் அக்காலத்து மாதம் 500 ரூபாய் தந்தனர், 2024 நவம்பர் முதல் அது 1,000 ஆயிற்று. ஆனால் மருந்து இலவசமாயினும் அரிசி இலவசமன்று. ரேஷன் அரிசி இலவசமாயினும் வாடகை இலவசமன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்கும்; படுத்திருக்கும் நாளின் கூலியை ஏற்காது.

இக்கூலியைப் பற்றிய எண்ணம் நம் நாட்டில் எளிதில் உதித்ததன்று. ஜெர்மனி 1883லும் இங்கிலாந்து 1911லும் சட்டமியற்றின. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931இல் நோய்க் காப்புறுதியை வற்புறுத்தியது, பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944இல் அதற்கொரு திட்டம் வரைந்தளித்தார், 1948இற் சட்டமாயிற்று. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955 ஜனவரியிற் கோயம்புத்தூருக்கு வந்தது. 1948இலேயே பிறந்த தொழிற்சாலைச் சட்டம் உழைத்த நாளுக்கேற்ப விடுமுறை தந்ததேயன்றி, நோய்க்கெனச் சம்பளத்துடன் விடுமுறை தரவில்லை. கடைச் சிப்பந்திகளுக்கு 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுமுறை தந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அக்கடுதாசியே கதி. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்திற் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துள்ளன. காப்புறுதித் திட்டம் தொடர்கின்றது. செல்வத்திற் சிறந்த அமெரிக்க நாட்டின் 1993ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில், 12 வாரம் நோய் விடுமுறையைச் சம்பளமில்லாமலே உறுதி செய்கின்றது என்று படித்தபோது, எங்கள் மேஸ்திரியை நினைந்து நகைத்தேன்.

ஆயினும் இக்காவலின் எல்லை எங்கள் தெருவைக்கூட முழுதும் தழுவவில்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற் பெறுவோர் புறத்தே. காசிமேட்டில் வலையிழுப்போர் புறத்தே. அன்றாடம் அழைக்கும் லாரியில் ஏறிச்செல்லும் கிளீனர் பையன் புறத்தே. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நல வாரியங்கள் விபத்துக்கும் மரணத்திற்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவுகின்றன. மூன்று மாதம் காய்ச்சலாய்க் கிடப்பவன் வீட்டு அடுப்பை அவை நாள்தோறும் மூட்டுவதில்லை. அவனுக்குத் தண்டற்காரரே காப்புறுதி. இது நியாயமன்று என்பதே என் துணிபு.

எண்கள் இரண்டும் ஒன்றாயின. ஆகஸ்டு 12 முதல் நவம்பர் 10 வரை 91 நாளுக்கு 31,850 ரூபாய். பின்னர் 62 நாளுக்கு, நாளொன்றுக்கு 400 வீதம், 24,800 ரூபாய். தொகை நாள்தவறாமல் வரவில்லை. சீட்டு முடிந்து, மனு சென்று, தவணை தவணையாகவே வங்கிக்கு வந்தது. இடையிலே கடன் வாங்காமலும் இல்லை. எனினும் வரும் என்று தெரிந்த பணத்தை எதிர்நோக்கி வாங்கும் கடன் வேறு. இருளில் வாங்கும் கடன் வேறு. குடோனைப் பற்றிய பேச்சு மீண்டும் எழவில்லை. 2023 ஜனவரி 12, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, தந்தையார் வேலைக்குத் திரும்பினார். தோடு சித்திரையில் மீண்டது.

இப்பொழுது யான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். சென்ற மாதம் விடுதிச் சமையற்கூடத்தில் பரிமாறும் அண்ணன் ஒருவர் நான்கைந்து நாளாக வரவில்லை. பிறகு வந்தபோது இருமிக்கொண்டே நின்றார். எத்தனை நாளாக என்றேன். மூன்று வாரம் என்றார். வராத நாளுக்கு என்ன செய்தீர்கள் என்றேன். “லீவு சொல்லிட்டேன் தம்பி. சம்பளம் கிடையாது, ஆனா வேலை போகாது” என்றார். ஈ.எஸ்.ஐ. நம்பர் தெரியுமா அண்ணே என்று கேட்டேன். அப்படி ஏதோ பிடிக்கிறார்கள் என்றார். கூலிச்சீட்டு இருக்கிறதா என்றேன். சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த காகிதமொன்றை எடுத்தார். எண்ணெய் பட்டு எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்து எழுதிக்கொண்டோம். அதற்கு முன் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் இருந்தீர்களா என்று கேட்டேன். இருந்தேன் என்றார். அந்தச் சீட்டுகள் வீட்டில் இருக்கின்றனவா என்று ஊருக்குப் போன் செய்து மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாட் காலை ஒன்பது மணிக்கு மருந்தகம் திறக்குமுன் வாயிலில் இருப்பது என்று பேசிக்கொண்டோம்.